ஓசியெக்: திராவா ஆற்றுத்துறையில் எழுந்த நகரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசியெக் என்பது குரோஷியாவின் கிழக்கே, ஸ்லவோனியா சமவெளியில், திராவா ஆற்றின் தென்கரையில் இருக்கும் நகரம். ரோமர்கள், ஹங்கேரிய அரசர்கள், ஒட்டோமான் துருக்கியர், ஹாப்ஸ்பர்க் பேரரசர்கள், யுகோஸ்லாவியா எனப் பல ஆட்சிகளை அது பார்த்திருக்கிறது. அத்தனை பேரும் அந்த இடத்தை விரும்பியதற்குக் காரணம் ஒன்றே: சதுப்பும் வெள்ளமும் சூழ்ந்த அந்தப் பரப்பில் ஆற்றைக் கடக்க வாய்ப்பான இடம் அது. நகரைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன. நகரின் வரலாறு என்பது அந்த ஆற்றுத்துறையின் வரலாறுதான் என்ற எண்ணத்தோடு அவை எழுதப்பட்டுள்ளன.

திராவா எப்படிப்பட்ட ஆறு? அது நகரை எப்படி உருவாக்கியது?

திராவா இத்தாலியின் வடக்கே ஆல்ப்ஸ் மலையில் பிறந்து, ஆஸ்திரியா, ஸ்லொவேனியா வழியாக ஓடி, குரோஷியாவுக்கும் ஹங்கேரிக்கும் இடையே நெடுந்தொலைவு எல்லையாக நின்று, 700 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து டான்யூபில் கலக்கிறது. ஓசியெக் அந்தக் கூடுமுகத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. மலையில் பனி உருகும் காலத்தில், அதாவது வசந்தத்தின் முடிவிலும் கோடையின் தொடக்கத்திலும், ஆற்றில் நீர் ஏறுகிறது. அதே நாட்களில் டான்யூபும் பெருகினால் இரண்டு ஆறுகளின் நீரும் வடிய வழியில்லாமல் தாழ்வான வடகரைமேல் பரவிவிடும். இன்று கோபாச்கி ரித் என்ற பெயரில் இயற்கைப் பூங்காவாகக் காக்கப்படும் பெரும் சதுப்புநிலம் இப்படித் தேங்கும் வெள்ளத்தால் உண்டானது. நாரைகளும் கொக்குகளும் வெண்வால் கடற்கழுகுகளும் வாழும் இடம் அது.

தென்கரையோ சற்று மேடானது. வெள்ளம் வந்தாலும் கால் நனையாமல் நிற்கக்கூடிய அந்த மேட்டில்தான் ஒவ்வொரு காலத்து மக்களும் குடியேறினார்கள். எதிர்க்கரையில் சதுப்பு மைல் கணக்கில் விரிந்து கிடந்ததால், தெற்கிலிருந்து ஹங்கேரிச் சமவெளிக்குப் போக நினைத்த எந்தப் படைக்கும் வணிகருக்கும் இந்தத் துறையை விட்டால் எளிய வழி அரிது.

ஓசியெக் என்ற பெயருக்கு என்ன பொருள்?

குரோஷிய மொழியில் நீர் வற்றிப் பின்வாங்குவதைக் குறிக்கும் ‘ஒசேகா’ என்ற சொல்லோடு இந்தப் பெயரை இணைத்துச் சொல்வார்கள். வெள்ளம் வடிந்து நிலம் தெரியும் இடம் என்பது அதன் கருத்து. ஹங்கேரியர்கள் இதை எஸ்ஸேக் என்றும் ஜெர்மானியர்கள் எஸ்ஸெக் என்றும் அழைத்தார்கள். ரோமர்கள் காலத்துப் பெயர் வேறு: முர்சா.

முர்சா எப்போது தோன்றியது?

ரோமர்கள் வருவதற்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். ஆனால் முர்சாவை முறையான ரோமானிய நகரமாக உயர்த்தியவர் பேரரசர் ஹாட்ரியன். கி.பி. 133-ஆம் ஆண்டளவில் அது ‘கொலோனியா ஏலியா முர்சா’ என்ற பெயரோடு குடியேற்ற நகரத் தகுதி பெற்றது. ‘ஏலியா’ என்பது ஹாட்ரியனின் குடும்பப் பெயர். பேரரசின் டான்யூப் எல்லை அருகிலேயே இருந்ததால் படைகளின் போக்குவரத்துக்கு இந்த ஊர் இன்றியமையாததாக இருந்தது. கிழக்கே சிர்மியம் என்ற ரோமானிய நகரிலிருந்து மேற்கே இத்தாலிக்குச் செல்லும் பெருவழியும் இதன் ஊடாகவே போயிற்று.

அந்த ரோமானிய நகரம் இன்றைய ஓசியெக்கின் கீழ்நகரப் பகுதிக்கு அடியில் புதைந்திருக்கிறது. வீடு கட்டக் கடைக்கால் தோண்டினாலும் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டினாலும் அங்கே கூரை ஓடுகளும் செங்கற்களும் நாணயங்களும் வெளிப்படுவது வழக்கம். ஸ்லவோனியா சமவெளியில் பாறை கிடையாது. எனவே பிற்காலத்தார் ரோமர்கள் விட்டுச்சென்ற கற்களைப் பெயர்த்தெடுத்துத் தங்கள் கட்டடங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். கல்வெட்டுள்ள பல கற்கள் தப்பிப் பிழைத்து, 1877-இல் தொடங்கப்பட்ட ஸ்லவோனியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இருந்தாலும், முர்சாவின் பெரும்பகுதி பின்வந்தவர்களின் சுவர்களுக்குள் கரைந்துபோனது என்பதுதான் உண்மை.

351-ஆம் ஆண்டு முர்சா போரைப் பற்றி வரலாற்று நூல்கள் ஏன் இவ்வளவு பேசுகின்றன?

ரோமர்களும் ரோமர்களும் மோதிக்கொண்ட போர்களில் இவ்வளவு உயிரைக் குடித்தவை மிகச் சில. மேற்கே ஆட்சியைக் கைப்பற்றிய மக்னென்சியஸ் ஒரு பக்கம். கிழக்கை ஆண்ட இரண்டாம் கான்ஸ்டான்சியஸ் மறுபக்கம். 351 செப்டம்பர் 28 அன்று திராவா ஆற்றையொட்டிய சமவெளியில் இரண்டு படைகளும் மோதின. இரு பக்கமும் சேர்த்து 50,000-க்கு மேல் இறந்தார்கள் என்று பிற்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதினார். அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால், அயலாரோடு செய்யும் பல போர்களுக்குப் போதுமான படைபலம் இந்த ஒரே நாளில் அழிந்தது என்று ரோமர்களே அந்த நூற்றாண்டிலேயே புலம்பி எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் போரின் ஒரு காட்சியை வரலாற்றாசிரியர் சோசிமஸ் பதிவு செய்திருக்கிறார். நகருக்கு வெளியே மரம் மண்டிக் கிடந்த ஒரு பழைய விளையாட்டரங்கில் மக்னென்சியஸ் தன் வீரர்கள் சிலரை ஒளித்துவைத்தார். போர் தொடங்கியதும் எதிரியைப் பின்பக்கமாகத் தாக்குவது திட்டம். செய்தி எப்படியோ கான்ஸ்டான்சியஸுக்கு எட்டிவிட்டது. அவருடைய ஆட்கள் அரங்கின் மேற்படிகளில் ஏறி, வாயில்களை அடைத்துவிட்டு, உள்ளே சிக்கிக்கொண்டவர்கள் மீது மேலிருந்து அம்பு தொடுத்தார்கள். மக்கள் உட்கார்ந்து பந்தயம் பார்த்த அதே படிகள் அன்று கொலைக்களமாயின.

முர்சாவின் கிறிஸ்தவ ஆயர் வாலென்ஸ் பற்றியும் ஒரு செய்தி உண்டு. போர் நடந்துகொண்டிருந்தபோது கான்ஸ்டான்சியஸ் ஊருக்கு வெளியே இருந்த தேவாலயத்தில் பிரார்த்தனையில் இருந்தார். ஆயர் முன்கூட்டியே ஆட்களை நிறுத்திவைத்து, வெற்றிச் செய்தியை எல்லோருக்கும் முன் தெரிந்துகொண்டு, ஒரு வானதூதர் தனக்குச் சொன்னதாகப் பேரரசரிடம் அறிவித்தாராம். இதை எழுதியவர் வாலென்ஸின் கொள்கைக்கு எதிரான தரப்பைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். ஆனால் அதன் பிறகு வாலென்ஸ் பேரரசருக்கு மிக நெருக்கமானவராகி, அக்காலத் திருச்சபைச் சண்டைகளில் பெரும் பங்கு வகித்தார் என்பதில் ஐயமில்லை.

ரோமர்களுக்குப் பின் ஊர் என்ன ஆயிற்று?

5-ஆம் நூற்றாண்டில் ஹூணர்களின் படையெடுப்போடு முர்சாவின் நகர வாழ்க்கை முடிவுக்கு வந்தது. பின்னர் ஸ்லாவிய மக்கள் அந்தப் பகுதியில் குடியேறினார்கள். எழுத்துச் சான்றில் ஓசியெக் என்ற பெயர் 1196-இல்தான் முதன்முதலில் தலைகாட்டுகிறது. அந்த ஆவணத்தின் பொருளே போதும், ஊரின் இயல்பு விளங்கிவிடும்: சந்தையிலும் ஆற்றுத்துறையிலும் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஹங்கேரிய அரசர் எமெரிக் ஒரு துறவியர் மடத்துக்கு உறுதிப்படுத்திக் கொடுக்கிறார். கோட்டையின் பெருமையோ ஆலயத்தின் புகழோ அதில் முதலில் வரவில்லை, துறைக்காசுதான் வருகிறது.

சுலைமான் பாலம் என்பது என்ன?

1526-இல் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் ஹங்கேரியை நோக்கிப் படையெடுத்தபோது ஓசியெக் அவர் கையில் விழுந்தது. அங்கே ஆற்றைக் கடந்துபோய், ஆகஸ்ட் 29 அன்று மொஹாச் என்ற இடத்தில் ஹங்கேரிய அரசரின் படையை அவர் நொறுக்கினார். அன்று முதல் ஏறத்தாழ 160 ஆண்டுகள் ஓசியெக் ஒட்டோமான் நகரமாக இருந்தது. இஸ்தான்புல்லிலிருந்தும் பெல்கிரேடிலிருந்தும் ஹங்கேரியின் தலைநகரான புடாவுக்குப் போகும் படைவழி முழுவதும் இந்த ஒரு துறையில் வந்து குவிந்தது.

படகுகளை இணைத்து அவ்வப்போது போடப்பட்ட பாலங்கள் பெரும் படைகளுக்குப் போதவில்லை. 1566-இல், சுலைமானின் கடைசிப் படையெடுப்பின்போது, ஓசியெக்கிலிருந்து வடக்கே தார்தா என்ற ஊர் வரை ஒரு மரப்பாலம் அமைக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். ஆற்றைத் தாண்டுவது அதில் ஒரு சிறு பங்குதான். மிச்சமெல்லாம் சதுப்பின்மேல் போன மரச்சாலை. சேற்றில் ஓக் மரத் தூண்களை அடித்து இறக்கி, அவற்றின்மேல் உத்தரம் பாவி, அதன்மேல் பலகை அடுக்கிய வழியில் குதிரைப்படையும் பீரங்கி வண்டிகளும் போயின. உலக அதிசயங்களில் ஒன்று என்று அக்காலத்து ஐரோப்பியர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். அந்த வழியே போன பயணிகள் பலர் அதை வியந்து எழுதினார்கள். ஒட்டோமான் பயண எழுத்தாளர் எவ்லியா செலேபியும் அவர்களில் ஒருவர்.

ஒரு மரப்பாலத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்கலாம். பெரும்படை ஒன்று சதுப்பின் ஓரத்தில் படகுக்காகக் காத்துக் கிடந்தால் தீவனம் தீரும், காய்ச்சல் பரவும், போர் செய்வதற்கு உரிய கோடைக்காலம் கையைவிட்டு நழுவும். பாலம் இருந்தால் அந்த நாட்கள் மிச்சம். 1683-இல் வியன்னாவை முற்றுகையிடப் போன தலைமை அமைச்சர் காரா முஸ்தபாவின் பெரும்படையும் ஓசியெக் வழியாகத்தான் சென்றது.

அந்தப் பாலத்தை எரித்தவர் யார்?

குரோஷிய வரலாற்றில் ஒரு குடும்பத்தின் கதையும் ஒரு பாலத்தின் கதையும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கொண்டது வேறெங்கும் இல்லை என்பது இதை எழுதுபவரின் கருத்து. எனவே இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

1566-இல் சுலைமானின் படை எந்தக் கோட்டையைப் பிடிப்பதற்காக ஓசியெக்கில் ஆற்றைக் கடந்ததோ, அந்த ஸிகெத்வார் கோட்டையின் தளபதி நிகோலா ஷூபிச் ஸ்ரின்ஸ்கி என்ற குரோஷியப் பிரபு. ஒரு மாதத்துக்கும் மேல் அவர் கோட்டையைக் காத்து நின்றார். முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே, முதுமையாலும் நோயாலும் தளர்ந்திருந்த சுல்தான் தன் கூடாரத்தில் இறந்துபோனார். படை குலைந்துவிடக் கூடாது என்று அந்த மரணத்தை மறைத்துவைத்தார்கள். அதையடுத்து, எரிந்துகொண்டிருந்த கோட்டையிலிருந்து எஞ்சிய சில நூறு வீரர்களோடு வாளேந்தி வெளியே பாய்ந்த ஸ்ரின்ஸ்கியும் மாண்டார்.

98 ஆண்டுகள் கழித்து, 1664 குளிர்காலத்தில், அவருடைய கொள்ளுப்பேரன் ஓசியெக்கை நோக்கி வந்தார். அவர் பெயரும் நிகோலா ஸ்ரின்ஸ்கிதான். குரோஷியாவின் ஆளுநராக, அதாவது ‘பான்’ என்ற பதவியில், இருந்தவர் அவர். ஹங்கேரிய மொழியில் கவிதை எழுதியவரும்கூட. தன் கொள்ளுப்பாட்டனாரின் கடைசிப் போரையே பாடுபொருளாக வைத்து அவர் ஒரு காவியம் எழுதியிருந்தார்.

போருக்கு எல்லோரும் கோடையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஸ்ரின்ஸ்கி ஜனவரியைத் தேர்ந்தெடுத்தார். குளிர்காலத்தில் ஒட்டோமான் பெரும்படை தொலைவில் தங்கியிருக்கும். கோடையில் கால் வைக்க முடியாத சதுப்பு பனியில் உறைந்து இறுகிக் கிடக்கும். பகை நாட்டுக்குள் 200 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே புகுந்து, பிப்ரவரித் தொடக்கத்தில் அவர் பாலத்துக்குத் தீவைத்தார். சதுப்பின்மேல் கிடந்த கிலோமீட்டர் கணக்கான மரம் பற்றி எரிந்தது.

அந்தச் செய்தி ஐரோப்பா முழுவதும் கொண்டாடப்பட்டது. ஆனால் அந்த வெற்றி முழுமையாகப் பயன்படுத்தப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒட்டோமான் படையைத் தோற்கடித்த பிறகும் வியன்னா அரசவை சுல்தானோடு அவசரமாகச் சமாதானம் செய்துகொண்டது; ஸ்ரின்ஸ்கி மனம் கசந்தார். நவம்பரில் வேட்டையில் காட்டுப்பன்றி தாக்கி அவர் இறந்தார். பாலமோ மறுபடி கட்டப்பட்டது. 1685-இல் ஹாப்ஸ்பர்க் படை மீண்டும் அதற்குத் தீயிட்டது.

ஒட்டோமான் ஆட்சி எப்படி முடிந்தது? அதன் அடையாளம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

1687 ஆகஸ்டில் மொஹாச்சுக்கு அருகே நடந்த போரில் ஒட்டோமான்கள் தோற்றார்கள். அதன்பின் ஓசியெக்கைக் காக்க முடியாது என்று உணர்ந்த காவற்படை ஊரைக் கைவிட்டது. செப்டம்பர் 29 அன்று ஹாப்ஸ்பர்க் படை நகருக்குள் நுழைந்தது. அந்த நாள் கிறிஸ்தவ நாட்காட்டியில் புனித மிக்கேலின் திருநாள். எனவே அவரே நகரின் காவலராகப் போற்றப்பட்டார். காசிம் பாஷா பள்ளிவாசல் நின்ற இடத்தில் பின்னர் இயேசு சபையினர் எழுப்பிய ஆலயத்துக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டது.

இன்று அந்த ஆலயத்தின் பக்கம் போகிறவர் கோபுரங்களை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. தரையையும் பார்க்க வேண்டும். பள்ளிவாசலின் அடித்தளம் எங்கே இருந்தது என்பதைக் காட்டும் கோடு அங்கே தளத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. 160 ஆண்டுகள் தொழுகை நடந்த ஊரில் கண்ணுக்குத் தெரிய மிஞ்சியது ஏறத்தாழ அவ்வளவுதான். முஸ்லிம் மக்கள் படையோடு சேர்ந்து வெளியேறிவிட்டார்கள்.

த்வர்ஜா என்று அழைக்கப்படும் பகுதி எது?

‘த்வர்ஜா’ என்றால் கோட்டை. ஒட்டோமான்கள் திரும்பி வரக்கூடும் என்று அஞ்சிய ஹாப்ஸ்பர்க் அரசு, பழைய ஊரை இடித்துவிட்டு, 1712 முதல் அங்கே நட்சத்திர வடிவக் கோட்டை நகரம் ஒன்றைக் கட்டியது. பீரங்கிக் குண்டுகளைத் தாங்கத் தடித்த மண்மேடுகளும், பல கோணங்களில் துருத்திக்கொண்டிருக்கும் கொத்தளங்களும், ஆற்று நீரால் நிரப்பக்கூடிய அகழியும் அமைக்கப்பட்டன. கல் இல்லாத நாடு என்பதால் கட்டடம் முழுவதும் செங்கல்தான். உள்ளே தெருக்கள் நேர்க்கோடுகளாக வெட்டிக்கொள்கின்றன. நடுவில் பரிசுத்த திரித்துவச் சதுக்கம்.

அந்தச் சதுக்கத்தில் 1730-ஐ ஒட்டி எழுப்பப்பட்ட ஒரு தூண் நிற்கிறது. கொள்ளைநோய் அண்டாமல் காக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு, மறைந்த தளபதி மாக்சிமிலியன் பெட்ராஷின் மனைவி அதை நிறுத்தினார். ஐரோப்பாவில் கொள்ளைநோய்த் தூண்கள் பல உண்டு. படைவீரர்களின் ஊரில் ஒரு கைம்பெண்ணின் பெயரோடு நிற்பதால் இது தனித்துத் தெரிகிறது. சதுக்கத்தின் ஒரு பக்கம் இருக்கும் படைத் தலைமையகக் கட்டடத்தைக் குரோஷியர் எல்லோருக்கும் தெரியும். 2023-இல் யூரோ வரும்வரை புழக்கத்தில் இருந்த 200 குனா தாளின் பின்பக்கம் அச்சிடப்பட்டிருந்தது அதுதான்.

இவ்வளவு செலவழித்துக் கட்டிய கோட்டை ஒரு பெரிய முற்றுகையையும் சந்திக்கவில்லை. எல்லை தெற்கே நகர்ந்துவிட்டது. 1920-களில் கோட்டைச் சுவர்களின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார்கள். ஆற்றை நோக்கித் திறக்கும் நீர்வாயிலும் அதையொட்டிய சுவரும் தப்பின. உள்ளே இருந்த பரோக் பாணி வீடுகளும் அலுவலகங்களும் பெரும்பாலும் நிலைத்தன.

ஓசியெக் ஒரே ஊரா, மூன்று ஊர்களா?

தொடக்கத்தில் மூன்று. கோட்டைக்கு மேற்கே மேல்நகரம், கிழக்கே கீழ்நகரம், நடுவே படையினரின் த்வர்ஜா. கோட்டையைச் சுற்றிப் பீரங்கி எட்டும் தொலைவுக்கு வீடு கட்டக் கூடாது என்பது படைத்துறை விதி. இதனால் மூன்றுக்கும் இடையே வெட்டவெளி கிடந்தது. இன்றும் த்வர்ஜாவைச் சுற்றிப் பூங்காக்களும் மரச்சாலைகளும் நிறைந்திருப்பதற்குக் காரணம் அந்தப் பழைய தடைதான். 1786-இல் மூன்றும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. 1809-இல் ஓசியெக் சுதந்திர அரச நகரம் என்ற தகுதியைப் பெற்றது.

நீளவாக்கில் சிதறிக் கிடந்த ஊருக்குப் போக்குவரத்து தேவைப்பட்டது. 1884-இல் மேல்நகரத்தையும் கீழ்நகரத்தையும் இணைத்துக் குதிரை இழுக்கும் டிராம் ஓடத் தொடங்கியது. இன்றைய குரோஷிய நிலப்பரப்பில் ஓடிய முதல் டிராம் இது. தலைநகர் சாக்ரெபுக்கே 1891-இல்தான் கிடைத்தது. 1926-இல் மின்சார டிராம் வந்தது. நாட்டில் இன்று டிராம் ஓடும் நகரங்கள் இந்த இரண்டு மட்டுமே.

19-ஆம் நூற்றாண்டில் திராவாவில் நீராவிக் கப்பல்கள் வந்தன. தானியமும் மரமும் ஏற்றுமதியாயின. தீப்பெட்டித் தொழிற்சாலையும் மாவு ஆலைகளும் எழுந்தன. 1870-இல் ரயில் வந்தது. ஆனாலும் ஆறு தன் வலிமையைக் காட்டாமல் விடவில்லை: 1882 செப்டம்பரில், வெள்ளம் பெருகியிருந்த நேரத்தில், குதிரைப்படை வீரர்களை ஏற்றிவந்த ரயிலோடு சேர்த்து ரயில் பாலம் இடிந்து ஆற்றில் விழுந்தது.

மேல்நகரத்தில் சுமார் 90 மீட்டர் உயரக் கோபுரத்தோடு நிற்கும் செங்கல் தேவாலயம் அந்த நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்டது. அதை முன்னின்று கட்டச்செய்தவர் ஆயர் யோசிப் யுராய் ஸ்ட்ரோஸ்மாயர். 1815-இல் ஓசியெக்கில் பிறந்து, தென்ஸ்லாவிய மக்களின் கல்விக்கும் கலைக்கும் தன் மறைமாவட்டத்தின் செல்வத்தை வாரி வழங்கியவர் அவர். நகரின் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண்டு நோபல் பரிசாளர்கள் ஓசியெக்கில் படித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. லவோஸ்லாவ் ருஷிச்கா 1887-இல் அருகிலுள்ள வுகோவாரில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவரைத் தாய் ஓசியெக்குக் கூட்டிவந்தார், பள்ளிப்படிப்பு அங்கேதான். 1939-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. விளாதிமிர் ப்ரெலோக் சரயேவோவில் 1906-இல் பிறந்தவர். பதின்வயதில் சில ஆண்டுகள் ஓசியெக் பள்ளியில் படித்தார். அங்கே ஒரு வேதியியல் ஆசிரியர் மூட்டிய ஆர்வத்தில், 15 வயதிலேயே ஆய்வகக் கருவி பற்றிய ஒரு சிறு குறிப்பை ஜெர்மன் இதழ் ஒன்றில் வெளியிட்டார். 1975-இல் அவருக்கும் வேதியியலுக்கே நோபல் பரிசு கிடைத்தது. இருவரும் சூரிச்சில் ஒரே ஆய்வகத்தில் பணியாற்றினார்கள்; ருஷிச்காவுக்குப் பின் அதன் தலைமைப் பொறுப்பு ப்ரெலோக்கிடம் வந்தது.

ஓசியெக்கின் யூதர்களும் ஜெர்மானியர்களும் எங்கே போனார்கள்?

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓசியெக் தெருக்களில் குரோஷியம், ஜெர்மன், ஹங்கேரியம், செர்பியம், இத்திஷ் எனப் பல மொழிகள் ஒலித்தன. ஊர் ஜெர்மானியர் பேசிய மொழி மற்ற மொழிச் சொற்களையும் உள்வாங்கித் தனி வழக்காகவே வளர்ந்திருந்தது; ‘எஸ்ஸெக்கர்’ பேச்சு என்று அதற்குப் பெயர். ஐரோப்பிய அவென்யூ என்ற சாலையில் வரிசையாக நிற்கும் அழகிய வீடுகளும், 1912-இல் விக்டர் ஆக்ஸ்மன் வடிவமைத்த யுரானியா திரையரங்கும் அந்தக் கலப்பு நகரம் தந்த கொடைகள்.

1941-இல் நாஜி ஆதரவு உஸ்தாஷா ஆட்சி வந்ததும் மேல்நகரத்து யூத ஆலயம் எரிக்கப்பட்டது. 1942-இல் யூத மக்களைத் தென்யா என்ற அண்டை ஊரில் அவர்கள் கையாலேயே குடியிருப்பு கட்டவைத்து அதில் அடைத்தார்கள். இனி அங்கே அமைதியாக இருக்கலாம் என்று அவர்களை நம்பவைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கிருந்து யசெனோவாச், ஆஷ்விட்ஸ் முகாம்களுக்கு ரயில்கள் புறப்பட்டன. போர் முடிந்தபின் ஜெர்மானியர்களின் முறை வந்தது: குற்றம் செய்தவர், செய்யாதவர் என்று பாராமல் உடைமைகள் பறிக்கப்பட்டன, பலர் வல்போவோ போன்ற முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், மிச்சமிருந்தோர் பெரும்பாலும் நாட்டைவிட்டுப் போனார்கள். எஸ்ஸெக்கர் பேச்சு இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டது.

1991-இல் நகரில் என்ன நடந்தது?

யுகோஸ்லாவியா உடைந்த அந்தக் கோடையில், ஜூன் 27 அன்று, யுகோஸ்லாவிய ராணுவ டாங்கிகள் ஓசியெக் தெருக்களில் ஓடின. ஒருவர் தன் சிறிய சிவப்பு ஃபியட் காரை ஒரு டாங்கிக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டார். டாங்கி அதை நசுக்கிக்கொண்டு போயிற்று. படம்பிடிக்கப்பட்ட அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. அந்தச் சாலைச் சந்திப்பில் இப்போது நினைவுச்சின்னம் ஒன்று உள்ளது. அதில் சிவப்புக் கார் டாங்கியின்மேல் ஏறி நிற்கிறது.

அதற்கு நான்கு நாள் கழித்து, ஜூலை 1 அன்று, ஓசியெக் காவல்துறைத் தலைவர் யோசிப் ரைல்-கிர் கொல்லப்பட்டார். குரோஷியக் கிராமங்களுக்கும் செர்பியக் கிராமங்களுக்கும் இடையே ஆயுதமின்றிப் போய்வந்து, சாலைத் தடைகளை அகற்றும்படி இரு தரப்பிடமும் மன்றாடியவர் அவர். தென்யாவுக்கு அருகே அவரைச் சுட்டது எதிர்த்தரப்பு அல்ல; குரோஷியத் தரப்பைச் சேர்ந்த துணைக் காவலர் ஒருவர். அவர் உயிரோடு இருந்திருந்தாலும் போர் வந்திருக்கலாம். ஆனால் பேசக்கூடிய ஒருவரை அந்த வாரத்தில் இழந்தது ஓசியெக்குக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அடுத்த மாதங்கள் காட்டின.

ஆகஸ்ட் முதல் குண்டுமழை தொடங்கியது. திராவாவின் வடகரையிலுள்ள பாரன்யா செர்பியப் படைகளிடம் விழுந்தது. ஆறே போர்முனை ஆனது. நவம்பர் 18-இல் வுகோவார் வீழ்ந்தபின் அடுத்தது ஓசியெக்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நகரம் விழவில்லை. ஆனால் மக்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள்; இருந்தவர்கள் நிலவறைகளில் வாழ்ந்தார்கள்; 1992 ஜூன் வரை விட்டுவிட்டுத் தொடர்ந்த குண்டுவீச்சில் சுமார் 800 பேர் உயிரிழந்தார்கள். அதே மாதங்களில் நகருக்குள் வாழ்ந்த செர்பியக் குடிமக்கள் சிலர் வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு, சுட்டுக் கொல்லப்பட்டு, திராவாவில் வீசப்பட்டார்கள். அந்தக் கொலைகள் பின்னர் குரோஷிய நீதிமன்றங்களில் விசாரணைக்கு வந்தன. முற்றுகையின் துயரத்தைச் சொல்லும்போது இதை விட்டுவிடுவது நேர்மையாகாது.

1995 நவம்பர் 12 அன்று, செர்பியர் வசமிருந்த பாரன்யா உள்ளிட்ட பகுதியைக் குரோஷியாவிடம் திரும்ப ஒப்படைப்பதற்கான எர்தூத் உடன்படிக்கை கையெழுத்தானது. ஐ.நா.வின் இடைக்கால நிர்வாகத்துக்குப் பின், 1998 ஜனவரி 15 அன்று பாரன்யா அமைதியாகக் குரோஷியாவோடு மீண்டும் இணைந்தது. கோபாச்கி ரித் சதுப்பில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளை அகற்ற அதன் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று.

இன்று ஓசியெக் போகிறவர் எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

மக்கள்தொகை குறைந்துவருகிறது, 2021 கணக்கெடுப்பில் அது ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இளைஞர்கள் ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் வேலை தேடிப் போகிறார்கள். ஆனாலும் ஆற்றங்கரை நடைபாதையில் மாலைநேரக் கூட்டத்துக்குக் குறைவில்லை. கரையில் கொப்பரை தொங்கவிட்டு, கெண்டையும் கெளுத்தியும் போட்டு, மிளகாய்த்தூள் சிவக்கச் சிவக்கக் கொதிக்கும் மீன் குழம்பு இந்தப் பகுதியின் பெருமை. 1980-இல் கட்டப்பட்ட நடைபாதைத் தொங்குபாலத்தில் நின்றால் ஒரு பக்கம் நகரமும் மறுபக்கம் தாழ்ந்த வடகரையின் மரக்கூட்டமும் தெரியும்.

தொடக்கம் எதுவென்று கேட்டால், வடகரையிலுள்ள விலங்குக் காட்சிசாலைக்குப் போய்வரும் ‘கொம்பா’ என்ற மிதவையைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு இயந்திரம் கிடையாது. ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பிவடத்தில் மிதவை பிணைக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுபவர் அதை நீரோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்பிப் பிடிக்கிறார். ஓடும் தண்ணீரின் தள்ளுவிசையே அதை மெல்ல மறுகரைக்குக் கொண்டுபோகிறது. சத்தம் இல்லை, பலகையில் தண்ணீர் மோதும் ஒலி மட்டும் கேட்கிறது. 1196-இல் சுங்கம் வாங்கிய அதே ஆற்றைச் சில நிமிடங்களில் கடந்துவிடலாம்.